அக்காவுக்கு மட்டும் சனிக்கிழமை

நான் நாலாம் வகுப்பு படித்த வருடம் அப்பா என்னை விட்டுவிட்டு அக்காவின் கட்சிக்குப் போய்விட்டார். அதுவரை எங்கள் வீட்டில் தெளிவான ஒரு பங்கீடு இருந்தது. அக்கா அம்மாவின் பெண், நான் அப்பாவின் பெண். பைக்கில் பெட்ரோல் டேங்கின் மேல் உட்காருவது நான். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் நல்லி எலும்பு எனக்கு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து அப்பா வந்ததும் அவர் சட்டைப்பையில் கையை விட்டுக் கடலைமிட்டாய் தேடுவதும் நான்தான். அக்கா ஒன்பதாம் வகுப்பு, எல்லாப் பாடத்திலும் முதல் ரேங்க். ரேங்க் அவளுக்கு, அப்பா எனக்கு என்று நான் சமாதானமாக இருந்தேன்.

அம்மா அப்போது நாலு மாதம் முழுகாமல் இருந்தாள். முந்தின வருடம் ஒன்று தங்காமல் போயிருந்தது. அதனால் இந்தத் தடவை குடம் தூக்கக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது, எதையும் நினைத்து மனசை அலட்டிக்கொள்ளக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மேனாம்பேட்டில் எங்கள் வீடு இரண்டு அறைதான். அதற்குள் அம்மாவின் காதில் கெட்ட செய்தி எதுவும் விழாமல் பார்த்துக்கொள்வது சுலபமில்லை. டிவியில் யாராவது செத்தால் கூட அப்பா சேனலை மாற்றிவிடுவார்.

அந்த நாட்களில் ஒருநாள், அக்காவுக்கு ஆவடியில் கணக்கு டியூஷன் ஏற்பாடு செய்திருப்பதாக அப்பா சொன்னார். சனிக்கிழமைதோறும் காலையில் தானே கொண்டுபோய் விட்டு, அங்கேயே இருந்து கூட்டி வந்துவிடுவாராம். கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்குகிறவளுக்கு எதற்கு டியூஷன், எழுபத்தெட்டு வாங்குகிற எனக்கல்லவா வைக்க வேண்டும் என்று நான் கேட்டேன். அம்மா சிரித்தாள். அப்பாவும் அக்காவும் சிரிக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைதான் என்னைக் குத்தியது. எனக்குத் தெரியாத ஒன்று அவர்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமை என்றாலே எனக்கு வயிறு எரியும். காலையில் அக்கா தலை பின்னிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு பைக்கின் பின்னால் ஏறுவாள். பெட்ரோல் டேங்க் காலியாக இருக்கும். நானும் வருகிறேன் என்று கேட்டால், "நீ அம்மாக்குத் துணைக்கு இருடா கண்ணு" என்பார் அப்பா. மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் திரும்புவார்கள். வந்ததும் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அக்கா அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பாள். அப்பாவுக்குத் தண்ணீர் கொடுப்பதும் அதுவரை என் வேலைதான்.

ஒரு சனிக்கிழமை அப்பா இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தார். டியூஷன் வாசலில் வழுக்கி விழுந்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னார். சாயங்காலம் அவரும் அக்காவும் உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். அப்பா குப்புறப் படுத்திருந்தார். அக்கா அவர் இடுப்புக்குக் கீழே ஒட்டியிருந்த பிளாஸ்திரியை மெல்லப் பிரித்துப் புதுசு ஒட்டிக்கொண்டிருந்தாள். "வலிக்குதாப்பா?" என்று கேட்டாள். அவர் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள். நான் கதவை ஓங்கி உதைத்துவிட்டு ஓடினேன்.

அக்காவின் பையைக் குடைந்து பார்க்கும் பழக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது. இரண்டாவது தடவையிலேயே ரயில் டிக்கெட் கிடைத்தது. அம்பத்தூரிலிருந்து சென்ட்ரலுக்கு, போக வர. ஆவடி டியூஷனுக்குச் சென்ட்ரல் டிக்கெட் எதற்கு? ஆவடி ஒரு பக்கம், சென்ட்ரல் இன்னொரு பக்கம் என்பது எனக்குக் கூடத் தெரியும். சென்ட்ரலில் இறங்கினால் போவதற்கு ஒரே ஒரு இடம்தான் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பீச்சுக்குப் போறீங்களா?" என்று அக்காவைக் கேட்டேன்.

அவள் டிக்கெட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆமா" என்றாள்.

"அல பெருசா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"சுண்டல் வாங்கிக் குடுத்தாரா?"

"குடுத்தாரு. அம்மாகிட்ட சொல்லாத. அடுத்த வாரம் உன்னயும் கூட்டிகினு போறோம்."

நான் மூன்று வாரம் பொறுத்திருந்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பூப்போட்ட கவுனைத் துவைத்துக் காயவைத்தேன். மூன்று சனிக்கிழமையும் பைக் என்னை விட்டுவிட்டுத்தான் போனது. மூன்றாவது சனிக்கிழமை திரும்பி வந்த அக்காவின் கால்களைப் பிடித்து மணல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு துகள் கூட இல்லை. நன்றாகக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறாள், எவ்வளவு கெட்டிக்காரி என்று நினைத்தேன்.

அடுத்த நாள் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து மறுபடியும் பையைத் திறந்தேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், அவளுடைய அழகான கையெழுத்தில் சனிக்கிழமைத் தேதிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஒரு எண். முதல் எண் ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம். அடுத்தது ஒரு லட்சத்துக்குக் கீழே. அப்புறம் ஐம்பத்து நாலாயிரம். கடைசி எண் இருபத்தோராயிரம். அதன் பக்கத்தில் அப்பாவின் சிவப்புப் பேனாவால் பெரிதாக ஒரு நட்சத்திரம்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இது டியூஷன் மார்க். லட்சக்கணக்கில் மார்க் போடுகிற டியூஷன் போலிருக்கிறது. டியூஷனை விட்டுவிட்டு பீச்சில் சுற்றினால் மார்க் எப்படி ஏறும்? வாரா வாரம் சரிந்துகொண்டே வந்திருக்கிறது. நான் எழுபத்தெட்டு வாங்கியதற்கு முட்டி போட வைத்த அப்பா, இவள் இப்படிச் சரிந்ததற்கு நட்சத்திரம் போட்டுக் கொடுத்திருக்கிறார்!

நோட்டைத் தூக்கிக்கொண்டு நேராக அம்மாவிடம் போனேன். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்போது ஏழாவது மாதம். ரயில் டிக்கெட், பீச், சுண்டல், மார்க், நட்சத்திரம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அம்மா நோட்டை வாங்கி விரித்தபோது உள்ளேயிருந்து மடித்த காகிதம் ஒன்று கீரைக்கட்டின் மேல் விழுந்தது. ஆங்கிலத்தில் அச்சடித்த காகிதம். மேலே அப்பாவின் பெயர். எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்த்தவள் அம்மா, எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். பிறகு நோட்டில் இருந்த எண்ணையும் காகிதத்தில் இருந்த எண்ணையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

அக்காவை அடிப்பாள் என்று நான் காத்திருந்தேன். அம்மா காகிதத்தை முன்பிருந்தபடியே மடித்து நோட்டுக்குள் வைத்தாள்.

"எட்த இடத்துலயே வச்சுடு."

"அக்காவத் திட்ட மாட்டியா?"

"நீ இத எனக்குக் காட்டல. நானும் பாக்கல. உங்கப்பாக்கும் தெரியக் கூடாது, அக்காக்கும் தெரியக் கூடாது. நம்ம ரெண்டு பேருக்குள்ள. சரியா?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. கடைசியில் எனக்கும் ஒரு ரகசியம் கிடைத்துவிட்டது. நோட்டை ஓசைப்படாமல் பையில் வைத்துவிட்டு வந்தபோது, அம்மா ஆய்ந்து முடித்த கீரையையே மறுபடியும் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை, பைக் தெருமுனை திரும்பியதும் அம்மா புடவை மாற்றிக்கொண்டு என்னையும் கிளம்பச் சொன்னாள். பூப்போட்ட கவுனைப் போட்டுக்கொண்டேன். ஷேர் ஆட்டோவில் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் இறங்கி, அந்தக் காகிதத்தின் தலைப்பில் பெயர் போட்டிருந்த லேப்பைத் தேடிக் கண்டுபிடித்தோம். மருந்துக்கடைக்கு மேலே ஒரே அறை. அம்மா ஏறக் கூடாத மாடிப்படி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள்.

லேப்பில் இருந்த பெண் அம்மாவின் வயிற்றைப் பார்த்துவிட்டு, சுகர் டெஸ்டா என்று கேட்டாள். அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னாள்.

"அந்த அண்ணனா? இப்பதான் கெளம்பிப் போனாரு. வாராவாரம் காலைல இங்க ரத்தம் குடுத்துட்டு, அப்டியே பெரியாஸ்பத்திரிக்கு ரயில் ஏறுவாரே. பொண்ணு கூடவே வருமே, பள்ளிக்கூடப் பைய மாட்டிகினு?"

"ஆமா. நான் அவரு ஊட்டுக்காரம்மா. இன்னா கீது அவருக்கு?"

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. அதையெல்லாம் டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாங்கள் கணக்கு எடுத்துக் கொடுப்பதோடு சரி என்று மழுப்பினாள். அம்மா அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சொல்லாமல் எழுந்து போக மாட்டாள் என்பது தெரிந்ததும் அந்தப் பெண் தானும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கம்பெனில வருசா வருசம் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பாப்பாங்க இல்ல, அதுலதான் மாட்டிக்கிச்சு. வெள்ளணு பதினோராயிரத்துக்குள்ள இருக்கணும்க்கா. அவருக்கு லட்சத்துக்கு மேல போயிடுச்சு."

"எதனால?"

"ரத்தம் எலும்புக்குள்ளதான் உற்பத்தியாவுது. நல்லி எலும்புல உள்ள இருக்குமே, அந்த மஜ்ஜ. அங்க கோளாறு ஆயிட்டா வெள்ளணு கண்ணாபின்னான்னு பெருகும். அதான் இடுப்பெலும்புல ஊசி போட்டு மஜ்ஜய எடுத்துப் பாத்தாங்க."

"கேன்சரா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு அவசர அவசரமாக, "ஆனா இது மாத்திரைக்குக் கட்டுப்படற வகை, டாக்டருங்க சொல்லிட்டாங்களாம். பாருங்க, எப்டி எறங்கிகினு வருது. உங்க பொண்ணு பலே கெட்டிக்காரிக்கா. ஊசி குத்தறப்ப அவரு அந்தப் பக்கம் திரும்பிக்குவாரு, அதுதான் கையப் புடிச்சுகினு நிக்கும். ஒவ்வொரு நம்பரும் இன்னா, ஏன்னு கேட்டு எழுதிக்கும். இந்த வயசுல இப்டி ஒரு புள்ளய நான் பாத்ததில்ல" என்றாள்.

மஜ்ஜை, வெள்ளணு எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. கேன்சர் என்பது டிவியில் சேனல் மாற்ற வைக்கிற சொல் என்ற அளவில் தெரியும். அப்பாதான் தினமும் வேலைக்குப் போய் வருகிறாரே! எனக்குக் கேட்டது கடைசியாகச் சொன்னது மட்டும்தான். இங்கேயும் வந்து அக்காவின் பெருமையைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

கீழே இறங்கி வந்ததும் அம்மா எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தாள். பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்தோம். நாங்கள் ஏற வேண்டிய பஸ் மூன்று போய்விட்டது. நான் குடித்து முடித்ததும், "இன்னொண்ணு வோணுமா?" என்று கேட்டாள். கேட்காமலேயே இன்னொன்று கிடைத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்த வருடத்திலேயே மிக நல்ல சனிக்கிழமை அதுதான் என்று நான் வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிற்பாடு அக்கா சொல்லித்தான் மற்றதெல்லாம் தெரிந்தது. கம்பெனி டாக்டர் கொடுத்த காகிதத்தை அப்பாவால் படிக்க முடியவில்லை. நூம்பலில் இருக்கும் பெரியப்பாவிடம் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் எல்லாரும் மேனாம்பேட்டுக்கு வந்து அழுதுகொண்டு நிற்பார்கள். அதனால் அம்மாவை விட்டால் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆளிடம் கொடுத்தார். அக்கா அதைத் தன் பாட்டுக்குப் படித்துக்கொண்டே வந்து, பாதியில் நிறுத்திவிட்டாளாம். குழந்தை பிறக்கும்வரை அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது என்று அப்பா அவள் தலையிலேயே கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அப்போது அவளுக்குப் பதினாலு வயது.

அதற்கப்புறம் வீட்டில் எல்லாரும் எல்லாரிடமும் மறைத்தோம். அப்பா மாத்திரையைச் சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் அம்மா ஒரு பெரிய சொம்புத் தண்ணீரை அவர் எதிரில் வைத்துவிட்டு, வேலை இருப்பதுபோல் அடுப்படிக்குப் போய்விடுவாள். அவர் வயிறு நிறைந்துவிட்டது என்று இரண்டு வாயில் எழுந்துவிட்டால், ஒரு மணி நேரம் கழித்து, தனக்குப் பசிக்கிறது, தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை என்று அவரையும் உட்கார வைப்பாள். "மாசமா இருக்கறப்ப உங்கம்மாவுக்கு எப்பவும் பசிதான்" என்று அப்பா எங்களிடம் சிரிப்பார். அம்மாவும் சிரிப்பாள்.

எனக்கு மட்டும் ரகசியத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஒருநாள் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது அக்காவிடம், "எனக்கும் ஒண்ணு தெரியும். உன் நோட்ல கடசிப் பக்கம்" என்றேன்.

அவள் கையில் இருந்த துணி கீழே விழுந்தது. என் முழங்கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"இன்னாடி தெரியும் உனக்கு? அம்மாகிட்ட சொன்னியா?"

"சொல்லல."

"சத்தியமா?"

"சத்தியமா."

பளாரென்று ஒரு அறை விழுந்தது. நான் கத்த வாயைத் திறப்பதற்குள் என்னை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். அவள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது என் காதில் கேட்டது. "சொல்லிடாதடி, ப்ளீஸ். பாப்பாக்கு ஆவாது. உனக்கு இன்னா வோணுமோ கேளு, தரேன்" என்றாள். நான் அவளுடைய கைக்கடிகாரத்தைக் கேட்டேன். எட்டாம் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கியதற்கு அப்பா வாங்கிக் கொடுத்தது. அதை யாரையும் தொடவிட மாட்டாள். உடனே கழற்றி என் கையில் கட்டினாள். வார் பெரியதாக இருந்ததால் இன்னொரு துளை போட்டும் கொடுத்தாள்.

எப்போதோ சொல்லிவிட்ட ஒன்றைச் சொல்லாமல் இருப்பதற்கு அவளிடமிருந்து கூலி வாங்கியிருக்கிறேன். இதை இத்தனை வருடத்தில் இப்போதுதான் வெளியே சொல்கிறேன்.

குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே அம்மாவுக்கு வலி வந்து, ஒரு காலை நேரத்தில் ஆஸ்பத்திரியில் தம்பி பிறந்தான். அன்றும் சனிக்கிழமைதான், ஆனால் அன்று யாரும் ரயில் ஏறவில்லை. எங்களை உள்ளே விட்டபோது அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். தம்பி ஒரு துணிச்சுருளுக்குள் முகம் மட்டும் தெரியத் தூங்கிக்கொண்டிருந்தான். அப்பா ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். பயப்படாம கேக்கணும்" என்று ஆரம்பித்தார்.

அம்மா தம்பியின் துணியைச் சரிசெய்துகொண்டே, "காலைல இருந்து அலஞ்சுகினு கீறீங்களே, மாத்திர போட்டீங்களா?" என்று கேட்டாள்.

ஜன்னல் பக்கம் நின்றிருந்த அக்கா திரும்பினாள்.

"ரெண்டு மாசமா தெரியும்" என்றாள் அம்மா. "போன வாரம் எட்டாயிரத்துக்கு வந்துடுச்சாம். லேப்புக்குப் போயி நானும் கேட்டுகினுதான் கீறேன். நல்லாத்தான் ஆவுது."

அப்பா கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டார். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. அவர் இன்றைக்கும் அந்த மாத்திரையைத் தினமும் ஒன்று போட்டுக்கொண்டு, பேரப்பிள்ளையைப் பெட்ரோல் டேங்கில் உட்காரவைத்துக் கடைக்குப் போய் வருகிறார். ஆனால் அப்படி ஒரு காலம் வரும் என்பது அன்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

அக்காதான் சத்தம் போட்டு அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. "அப்ப ஏம்மா சொல்லல? எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தாள். அம்மா தம்பியை ஒரு பக்கம் நகர்த்திவிட்டு, அக்காவை இன்னொரு பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். அப்பாவின் கையும் நீண்டு அக்காவின் தலைமேல் போய் விழுந்தது. அந்தக் கட்டிலில் எனக்கு இடம் இருக்கவில்லை. பிறந்த குழந்தையைக் கூட நகர்த்தி வைத்துவிட்டு இவளைக் கொஞ்சுகிறார்களே என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

கொஞ்ச நேரத்தில் அழுகை ஓய்ந்தது. அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாயை விரித்துப் படுத்தாள். படுத்ததும் தூங்கிவிட்டாள். சாப்பாடு வந்தது, எழவில்லை. பெரியப்பா வீட்டுக்காரர்கள் வந்து பேசிச் சிரித்துவிட்டுப் போனார்கள், எழவில்லை. தம்பி வீறிட்டுக் கத்தினான், அதற்கும் அசையவில்லை. எனக்கு அவளோடு வராண்டாவில் போய் மற்றக் குழந்தைகளை எல்லாம் பார்க்க வேண்டும். காலைப் பிடித்து இழுக்கப் போனபோது அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"எழுப்பாதடி. அவ தூங்கட்டும்."

நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பெற்றவள் அம்மா. அவளே விழித்துக்கொண்டிருக்கிறாள். இவள் என்ன செய்துவிட்டாள் என்று இப்படி அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறாள் என்று எனக்குப் புரியவேயில்லை.